தன் படையே தன் ஆளைச் சுடுவது ஏன் இன்னும் நிற்கவில்லை? சிட்டாங் 1942-இலிருந்து பேசுவோம்

தட்டோன்காரன் எழுதியது:

போன வாரம் இங்கே வேறொரு பேச்சில் ஒருவர், "சாட்டிலைட், ஜிபிஎஸ், இரவுக் கண்ணாடி எல்லாம் வந்த பிறகு சொந்தப் படையைச் சுடுவதெல்லாம் பழங்கதை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே விட மனசில்லை, அதனால்தான் தனியாக ஆரம்பிக்கிறேன்.

நம் பர்மாவில், நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த சம்பவத்திலிருந்தே தொடங்கலாம். ரங்கூனிலிருந்து பெகு வழியாக தட்டோன், மோல்மேன் போகிறவர்கள் எல்லாரும் சிட்டாங் ஆற்றைத் தாண்டித்தான் போகிறோம். 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் பிரிட்டிஷ் படை தன் ஆட்களில் பெரும்பகுதி அக்கரையில் இருக்கும்போதே பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததைத்தான் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிலின் ஆற்றங்கரையை விட்டுப் பின்வாங்கிய 17-வது இந்திய டிவிஷன், சைட்டோவிலிருந்து மொக்பாலின் போகிற பாதையில் லாரி, ஆம்புலன்ஸ், கோவேறு கழுதை என்று நீண்ட வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி 21. நல்ல வெயில் காலம், அந்தப் பாதையின் செம்புழுதியைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முதலில் ஜப்பான் விமானங்கள் வந்து அடித்தன. அப்புறம் பிரிட்டிஷ் விமானங்களும், "பறக்கும் புலிகள்" என்று பேர் வாங்கிய அமெரிக்கத் தன்னார்வக் குழுவின் விமானங்களும் வந்து அதே வரிசையை அடித்தன. லாரிகள் எரிந்தன, காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டிகளும் தப்பவில்லை. மிரண்ட கோவேறு கழுதைகள் முதுகில் இருந்த வயர்லெஸ் செட்டோடு காட்டுக்குள் ஓடிவிட்டன.

கழுதை ஓடியதைச் சும்மா சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து பாலத்தருகே இருந்த தளபதிக்கு அக்கரையில் இருந்த தன் படை எந்த நிலையில் இருக்கிறது என்றே சரியாகத் தெரியாமல் போனதற்கு, வயர்லெஸ் இப்படித் தொலைந்ததும் ஒரு காரணம்.

விமானிகள் ஏன் அடித்தார்கள்? அந்தப் பாதையில் ஜப்பானிய வண்டிகள் வருகின்றன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தார்கள், வண்டிகள் இருந்தன. அவ்வளவுதான். விமானி கண்ணில் பட்டதில் தவறே இல்லை, அவன் காதில் போட்ட செய்தியில்தான் தவறு இருந்தது என்பது என் கட்சி.


சந்தேகி எழுதியது:

அண்ணே, 1942-இல் பின்வாங்கி ஓடுகிற படை, வயர்லெஸ்ஸே அரைகுறை, அதில் இப்படி நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை வைத்து இன்றைக்கு என்ன நிரூபிக்கப் போகிறீர்கள்? இன்னொன்று, எதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாலத்தை உடைத்ததால் ஆற்றில் நீந்தி மூழ்கிச் செத்தவர்களும் இதில் சேர்த்தியா? மேலதிகாரியைப் பிடிக்காமல் சிப்பாய் குண்டு வீசினால் அதுவும் சேர்த்தியா? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் விவாதம் எங்கேயும் போய்ச் சேராது.


தட்டோன்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. பாலத்தை நான் சேர்க்கமாட்டேன். அது தெரிந்தே எடுத்த முடிவு, சரியா தவறா என்பது வேறு வழக்கு. சிப்பாய் அதிகாரியைக் கொன்றதும் சேராது, அது கொலை. வியட்நாமில் அமெரிக்கப் படைக்குள் நிறைய நடந்தது, ஆனாலும் அது கொலைதான். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்தால் அது விபத்து. எதிரியைச் சுடுகிறோம் என்று மனதார நம்பி, அல்லது எதிரியை நோக்கிச் சுட்டதே தவறிப்போய், தன் ஆளையோ கூட்டாளிப் படையையோ அடித்துவிடுவதைத்தான் நான் சொல்கிறேன்.

இதிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஆள் யாரென்று தவறாக எடுத்துக்கொள்வது ஒன்று. ஆள் யாரென்று தெரிந்தும் குண்டு போய் விழுகிற இடம் தவறிவிடுவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரிய உதாரணம் நார்மண்டியில் 1944 ஜூலை 25. ஜெர்மன் வரிசையை உடைக்க அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. முன்வரிசைக்கு அடையாளமாக ஒரு நெடுஞ்சாலை. அந்தச் சாலைக்கு இணையாகப் பறந்து வாருங்கள் என்று தரைப்படைத் தளபதி பிராட்லி கேட்டிருந்தார், விமானங்கள் குறுக்காக, தன் படையின் தலைக்கு மேலேயே வந்தன. முதலில் போட்ட குண்டுகளின் புகையும் தூசியும் காற்றில் அமெரிக்கர் பக்கமே நகர, பின்னால் வந்தவர்கள் அந்தப் புகையைக் குறிவைத்துப் போட்டார்கள். 111 அமெரிக்கர்கள் செத்தார்கள், அதில் லெப்டினன்ட் ஜெனரல் மெக்நேரும் ஒருவர். முந்தின நாளும் இதே மாதிரி நடந்து 25 பேர் போயிருந்தார்கள், அதற்குப் பிறகும் மறுநாள் விமானங்கள் அதே குறுக்குவழியில்தான் வந்தன. இதுதான் எனக்குத் தாங்காத இடம்.


பெகு அக்கா எழுதியது:

தம்பிகளா, நம் நாட்டிலேயே இன்னொரு கதை இருக்கிறதே, மிச்சினாவை மறந்துவிட்டீர்களா? 1944 மே 17-ஆம் தேதி அமெரிக்கர்களும் சீனர்களும் சேர்ந்து மிச்சினா விமானத் தளத்தை எதிர்பாராத வேகத்தில் பிடித்துவிட்டார்கள். ஊருக்குள் அன்று இருந்த ஜப்பானியர் சில நூறு பேர்தான். சீனர்களின் 150-வது ரெஜிமெண்டிலிருந்து இரண்டு பட்டாலியன்களை உடனே ஊரைப் பிடிக்க அனுப்பினார்கள். ஜப்பானியர் எந்தப் பக்கமிருந்து சுடுகிறார்கள் என்று புரியாத குழப்பத்தில் அந்த இரண்டு பட்டாலியன்களும் ஒன்றையொன்று சுட ஆரம்பித்துவிட்டன. நன்றாகவே சுட்டுக்கொண்டார்கள், ஏகப்பட்ட சேதம். ஊர் கடைசியில் விழுந்தது ஆகஸ்ட் 3-ஆம் தேதி. இடையில் இருந்த அந்த மழைக்காலம் முழுக்கச் சேற்றில் முற்றுகை.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் வேறு வேறு நாட்டுப் படைகூட இல்லை. ஒரே ரெஜிமெண்ட், ஒரே மொழி, ஒரே உடை. பக்கத்துப் பட்டாலியன் எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று தெரியாததுதான் பிரச்சனை. நீ சுடுகிற சத்தத்தைக் கேட்டு அவன் சுடுகிறான், அவன் திருப்பிச் சுட்டதும் "பார், எதிரிதான்" என்று உனக்கு உறுதியாகிவிடுகிறது. ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு தோட்டாவும் அந்தத் தவறான எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. நிறுத்து என்று யார் முதலில் சொல்வது?

இரவில் இன்னும் மோசம். ஜப்பானியர் இதைத் தெரிந்தே செய்தார்கள். சின்னக் கூட்டமாக வந்து கத்துவது, பட்டாசு வெடிப்பது, ஆங்கிலத்திலோ உருதுவிலோ கூப்பிடுவது. எதிராளி பயந்து சுட ஆரம்பித்தால் அவன் பீரங்கியும் மெஷின்கன்னும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும், இருட்டில் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டால் இன்னும் லாபம். அதனால்தான் அரக்கான் பக்கம் போரிட்ட பிரிவுகளில், இருட்டிய பிறகு பதுங்குகுழியை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது, கண்டபடி சுடவும் கூடாது என்று கண்டிப்பு வந்தது.


துறைமுகத்தான் எழுதியது:

நான் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், சண்டைக் கப்பல் இல்லை, சரக்குக் கப்பல்தான். ஆனால் கடல் பக்கம் பேசாமல் விட்டால் எப்படி. இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்து ஒரே வாரத்தில், 1939 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, பிரிட்டனின் டிரைட்டன் நீர்மூழ்கி பிரிட்டனின் ஆக்ஸ்லி நீர்மூழ்கியை டார்ப்பிடோ அடித்து மூழ்கடித்தது. கண்மூடித்தனமாக அடித்துவிடவில்லை. யாரென்று விளக்கால் சமிக்ஞை கொடுத்துக் கேட்டார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. புரிகிற மாதிரி பதில் வரவில்லை. ஆக்ஸ்லி தனக்கு ஒதுக்கின இடத்தை விட்டு விலகி வந்திருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் லண்டனுக்குக் கிழக்கே, ஸ்பிட்ஃபயர் விமானங்கள் போரில் முதல் முதலாகச் சுட்டு வீழ்த்தியது எதைத் தெரியுமா? தங்களுடைய ஹரிகேன் விமானங்கள் இரண்டை.

விமானம் என்றால் சிசிலியைச் சொல்லாமல் முடியாது. 1943 ஜூலை 11 இரவு, 144 அமெரிக்க விமானங்கள் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை மேல் வந்தன. கீழே இருந்த கப்பல்காரர்கள் அன்று முழுக்க ஜெர்மன் குண்டுவீச்சில் நொந்து போயிருந்தவர்கள். நம் விமானங்கள் வரும் என்ற தகவல் சிலருக்குப் போய்ச் சேர்ந்தது, சிலருக்குச் சேரவில்லை. முதல் கூட்டம் பத்திரமாகத் தாண்டியது. அப்புறம் ஏதோ ஒரு துப்பாக்கி சுட ஆரம்பித்தது, அவ்வளவுதான், கரையில் இருந்தவன் கப்பலில் இருந்தவன் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். 23 விமானங்கள் விழுந்தன. கப்பலில் இருந்தவனுக்குத்தான் தெரியும், பகலெல்லாம் மேலேயிருந்து அடி வாங்கினவன் காதுக்கு எல்லா எஞ்சினும் ஒரே சத்தம்தான்.

அடுத்த வருஷம் நார்மண்டிக்குப் போகும்போது நேசநாட்டு விமானங்களின் இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்தது சிசிலியில் பட்ட பாட்டால்தான். நம் பக்கத்துப் போரிலும் அப்படி ஒன்று உண்டு. ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம் இருந்ததால், அமெரிக்கர்கள் தங்கள் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவே இருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாதமே எடுத்துவிட்டார்கள். பர்மா, இந்தியா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் அடையாளத்திலிருந்தும் சிவப்பை எடுத்தார்கள்.


இளங்கன்று எழுதியது:

ஐயா, அக்கா, ஒரு சந்தேகம். பழைய ராஜாக்கள் காலத்தில் யூனிஃபார்மே கிடையாது, ஆளுக்கு ஆள் வேட்டியும் வேலும்தான். அப்போது எப்படி அடையாளம் கண்டார்கள்?


பெகு அக்கா எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பதில் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. சேரன் படை பனம்பூ, பாண்டியன் படை வேப்பம்பூ, சோழன் படை ஆத்திப்பூ சூடிப் போருக்குப் போனதைப் பள்ளியில் ஏதோ அலங்காரம் மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே மாதிரி ஆயுதம், நெருங்கிக் கலந்துவிட்டால் தலையில் இருக்கிற பூவைத் தவிர வேறு எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? யுக்ரைன் போரில் இரண்டு பக்கமும் கையிலும் காலிலும் கலர் டேப் சுற்றிக்கொள்கிறார்களே, ஒரு பக்கம் மஞ்சள், நீலம், இன்னொரு பக்கம் வெள்ளை, சிவப்பு என்று. உடையும் ஆயுதமும் பாதிக்கு மேல் ஒரே சோவியத் வழிவந்தவை என்பதால்தான்.

பர்மாவிலும் இந்தச் சிக்கல் இருந்தது, நம்மவர்களை வைத்தே. நேதாஜி படையில் ஏகப்பட்ட தமிழர்கள், மலாயாத் தோட்டத்திலிருந்தும் இங்கிருந்தும் போனவர்கள். எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) மாதிரிப் பிரிவுகளில் தமிழர்கள். இருட்டில் "யாரது?" என்று தமிழில் குரல் கேட்டால் அது எந்தப் பக்கத்துத் தமிழன்? மொழியை நம்பவே முடியாது.


சந்தேகி எழுதியது:

எல்லாம் சரி, படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பூ, பெயின்ட், விளக்கு எல்லாம் பழைய காலம். ஜிபிஎஸ் வந்த பிறகு?


தட்டோன்காரன் எழுதியது:

வருகிறேன், வருகிறேன்.

1991 வளைகுடாப் போரை எடுங்கள். அதுவரை உலகம் பார்த்ததிலேயே தொழில்நுட்பம் மிகுந்த படை. போரில் செத்த அமெரிக்கர்கள் 148 பேர், அதில் 35 பேர் அமெரிக்கக் குண்டுக்கே செத்தவர்கள். நாலில் ஒருவர்! காரணம் விசித்திரமானது, ஆயுதம் கண்ணை முந்திவிட்டது. டாங்கியின் வெப்பக் கண்ணாடியில் இருட்டில், மணல் புயலில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சூடான உருவம் தெரியும். அது டாங்கி என்று தெரியும், யாருடைய டாங்கி என்று தெரியாது. ஆனால் அந்தத் தூரத்திலேயே முதல் குண்டில் அதை அழிக்க முடியும். பழைய டாங்கியால் அவ்வளவு தூரம் அடிக்க முடியாது என்பதாலேயே கிட்டப் போய் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எதிரி கிட்ட வரட்டும் என்று காத்திருந்தால் அவன் முந்திக்கொள்வான், அந்தப் பயம்தான் விரலை அழுத்துகிறது.

1994 ஏப்ரல் 14, வட இராக். இது இன்னும் கொடுமை. அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள் அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின, 26 பேர் பலி. பட்டப்பகல். வானம் தெளிவு. மேலே ரேடார் விமானம் ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பேர் கேட்டால் பதில் சொல்லும் எலக்ட்ரானிக் கருவி ஹெலிகாப்டரிலும் இருந்தது, ஆனால் அந்தப் பகுதிக்குள் வந்ததும் மாற்ற வேண்டிய சங்கேத எண்ணை மாற்றாமல் இருந்தார்கள். காரணம், ஹெலிகாப்டர்காரர்களுக்கு ஒரு வழக்கம், சண்டை விமானக்காரர்களுக்கு ஒரு வழக்கம், இரண்டு பேரும் ஒரே ரேடியோ அலைவரிசையில்கூட இல்லை. விமானிகள் கிட்டப் பறந்து கண்ணாலேயும் பார்த்தார்கள். பக்கவாட்டில் கூடுதல் எரிபொருள் தொட்டி மாட்டிய பிளாக் ஹாக் அவர்கள் கண்ணுக்கு ரஷ்ய ஹெலிகாப்டராகத் தெரிந்தது. எதிரிதான் இருப்பான் என்று எதிர்பார்த்துப் போனவன் கண் எதிரியைத்தான் பார்க்கும்.

இப்போது ஜிபிஎஸ். 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் காந்தகாருக்கு வடக்கே. குண்டுவீச்சு விமானத்துக்குக் குறி சொல்லும் அமெரிக்க ஆள் ஒருவர் கையடக்க ஜிபிஎஸ்ஸில் தாலிபான் இடத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றினார். கருவி மறுபடி எழுந்ததும் திரையில் வந்தது அவர் நின்றிருந்த இடத்தின் எண்கள், அந்தக் கருவியின் அமைப்பே அப்படி. அதைக் கவனிக்காமல் அதையே விமானத்துக்குச் சொன்னார். 2000 பவுண்டு குண்டு. அது துல்லியமாக வந்து அவர்கள் இடத்திலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் கூட இருந்த ஆப்கானியர் பலரும் செத்தார்கள், அதே நாளில் இடைக்காலத் தலைவராகத் தேர்வான ஹமீத் கர்சாய்க்கும் லேசான காயம். பழைய காலத்துக் குண்டு என்றால் தவறான எண்ணைக் கொடுத்தாலும் எங்கேயாவது தள்ளி விழுந்திருக்கும். துல்லியம் கூடக் கூட, தவறான தகவலும் துல்லியமாகத்தான் போய்ச் சேரும்.


மட்டுறுத்துநர் எழுதியது:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், எழுதியவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் இப்போது நடப்பதை இங்கே யாரும் இழுக்க வேண்டாம். உங்கள் பத்திரத்துக்காகத்தான் சொல்கிறேன். மற்றதைத் தாராளமாகப் பேசுங்கள்.


சந்தேகி எழுதியது:

பேட்டரி விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். ஆனாலும் தட்டோன் அண்ணன் எல்லாப் பழியையும் "தகவல்", "அமைப்பு" என்று எங்கேயோ ஏற்றிவிட்டு மனிதனைத் தப்ப விடுகிறார். 2002 ஏப்ரல் 17-ஐப் பாருங்கள், காந்தகார் பக்கத்தில் டார்னாக் பண்ணை. கனடாக்காரர்கள் இரவில் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மேலே போன அமெரிக்க எஃப்-16 விமானி தன்னைத்தான் சுடுகிறார்கள் என்று நினைத்தார். பொறு, சுடாதே என்று ரேடியோவில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தற்காப்பு என்று சொல்லிக்கொண்டு குண்டைப் போட்டுவிட்டார். நாலு கனடியர்கள் செத்தார்கள். கீழே பயிற்சி நடப்பது விமானிக்குத் தெரிவிக்கப்படவில்லை, சரி, அது அமைப்பின் குற்றம்தான். ஆனால் வேகமாகவும் உயரத்திலும் போய்க்கொண்டிருந்தவர், பயமாக இருந்தால் விலகிப் போயிருக்கலாமே? அவரைக் கடமை தவறியவர் என்று ராணுவமே விசாரித்துத் தண்டித்தது. தண்டனை என்ன? ஒரு கண்டனக் கடிதமும் ஒரு மாதச் சம்பளம் மாதிரி ஒரு அபராதமும். இப்படி இருந்தால் யாருக்குப் பயம் வரும்?


துறைமுகத்தான் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் தண்டனையைக் கடுமையாக்கினால் என்ன நடக்கும் என்று கப்பலில் பார்த்திருக்கிறேன், யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். சின்னச் சின்னத் தப்பை மறைப்பார்கள், பெரிய தப்பு வந்து நிற்கும்போதுதான் எல்லாம் வெளியே வரும்.


பெகு அக்கா எழுதியது:

மறைப்பதைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன். 2004 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் செத்த பாட் டில்மன் அமெரிக்காவில் பேர்பெற்ற ஃபுட்பால் ஆட்டக்காரர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். எதிரியோடு போரிட்டு வீரமரணம் என்று சொல்லி மெடல் கொடுத்து, ஊரெல்லாம் பார்க்க அஞ்சலி நடத்தினார்கள். தன் படையின் குண்டுதான் என்று கூட இருந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். குடும்பத்துக்குச் சொன்னது வாரக்கணக்கில் கழித்து. அவருடைய அம்மா வருஷக்கணக்கில் போராடித்தான் மிச்சத்தை வெளியே கொண்டுவந்தார்.

இதில் வெறும் மானப் பிரச்சனை மட்டும் இல்லை. எப்படிச் செத்தார் என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறை எதைத் திருத்துவது? ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற தௌக்யன் போர்க் கல்லறைக்குப் போனால் தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பேருடைய பெயர்கள், பாதிக்கு மேல் நம் துணைக்கண்டத்துப் பேர்கள்தான். பிப்ரவரி 21-இல் அந்தப் புழுதிப் பாதையில் தன் விமானத்தாலேயே செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரைக்கும் சரியான கணக்கு இல்லை, ஏனென்றால் ஜப்பான் விமானமும் அதே நாளில் அதே இடத்தில் அடித்தது.


இளங்கன்று எழுதியது:

இந்தியாவில் இந்த மாதிரி ஏதாவது வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருக்கிறார்களா அக்கா?


தட்டோன்காரன் எழுதியது:

அக்காவுக்குப் பதில் நான் சொல்கிறேன் தம்பி. 2019 பிப்ரவரி 27, காஷ்மீரில் பட்காம். பாகிஸ்தான் விமானங்களோடு வானத்தில் மோதல் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை இந்திய ஏவுகணையே வீழ்த்தியது. உள்ளே இருந்த ஆறு பேரும் கீழே இருந்த பொதுஜனம் ஒருவரும் செத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எந்த நேரமும் ஏதோ வரும் என்று காத்திருந்த ஏவுகணைக்காரர்கள், தாழ்வாக, மெதுவாக வந்த ஒன்றைப் பார்த்தார்கள். சிசிலி கப்பல்காரர்களின் அதே நிலைதான், ரேடாரும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் புதுசு. முதலில் விபத்து மாதிரிதான் செய்தி வந்தது. அக்டோபரில் விமானப்படைத் தளபதியே "அது எங்கள் பெரிய தவறு" என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னார்.


சந்தேகி எழுதியது:

ஏழு மாசம் ஆயிருக்கிறது சொல்வதற்கு. நடுவில் ஒரு தேர்தலும் முடிந்துவிட்டது. சரி, அந்தப் "பழங்கதை" என்று எழுதினவரை இங்கே கூப்பிடுங்கள், பேட்டரி விஷயத்துக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம்.